ஐந்து வருஷ மாத்திரை

ஜூன் 4, புதன்

டாக்டர் கோமதி என்னை எழுதச் சொல்லியிருக்கிறார். மாத்திரை போட்ட நேரம், கை நின்ற நேரம், மறுபடி ஆட ஆரம்பித்த நேரம். மூன்று கட்டம் போட்ட அட்டவணை ஒன்றும் கொடுத்தார். கட்டம் மிகவும் சின்னது. ஐம்பத்து நாலு வயதில் எனக்கு வந்திருப்பதைச் சுண்டுவிரல் அகலத்தில் எழுத முடியாது. நகைக்கடையில் கொடுத்த டைரி பீரோவில் சும்மா கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

என் பெயர் ஹெப்சி. பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு வருஷமாக பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். இதை டைரிக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் முதல் பக்கம் மரியாதையாக இருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். வலது கையைச் சும்மா வைத்திருந்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேய்த்துக்கொள்கின்றன. நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். கையோ சர்ச் பெஞ்சில் உட்கார்ந்து விபூதி எடுத்துக்கொண்டிருக்கிறது. டாக்டர் என்னை நடக்கவிட்டார், விரலைத் தட்டச் சொன்னார், மணிக்கட்டைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தார். பார்க்கின்சன் என்றார்.

"மூளையில ஒரு ரசாயனம் கொறஞ்சிட்டே வருதும்மா. அதை இந்த மாத்திரை வெளியில இருந்து குடுக்கும். நோயக் குணமாக்காது. ஆனா கை நீங்க சொன்னபடி கேக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"தெனமும் மூணு வேளை."

நான் கேட்டது அது இல்லை.

வீட்டில் அத்தானிடம் நரம்புத் தளர்ச்சி என்று சொன்னேன். பார்லரில் என்னோடு பதினோரு வருஷமாக இருக்கும் இசக்கியிடம் விட்டமின் குறைச்சல் என்று சொன்னேன். கஸ்டமர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. புருவத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறவளிடம் கை நடுங்கும் நோய் என்று எப்படிச் சொல்வது.

ஜூன் 5, வியாழன்

மாத்திரை 7.10. கை நின்றது 7.50.

நம்பவே முடியவில்லை. ஒன்பது பேருக்குப் புருவம் த்ரெட்டிங். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, விரலில் சுற்றி விரித்து மடக்கினால், பழையபடி சரசரவென்று போகிறது. லேசாகக் குமட்டல். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து லில்லி டீச்சரிடம் பேசிக்கொண்டிருந்தேன். என் கஸ்டமர் ஒருத்திக்கு என்று சொல்லித்தான் கேட்டேன். டீச்சர் மாத்திரையின் பெயரைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்துவிட்டார்.

"ஆரம்பிக்கவே கூடாதுன்னு சொல்லு ஹெப்சி. அது அஞ்சு வருஷந்தான் கேக்கும். அப்புறம் அந்த மாத்திரையே நோயக் கெளப்பி விட்ரும். எங்க கொழுந்தனார் ஆறாம் வருஷம் உக்காந்த எடத்துலயே வளஞ்சி வளஞ்சி ஆடுனாவ. நல்லா இருக்கும்போதே போட்டுத் தீத்துட்டாவன்னு எல்லாரும் சொன்னாவ."

லில்லி டீச்சர் தையல் டீச்சர்தான். இருந்தாலும் டீச்சர்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். இப்போது ஐந்து வருஷம் என்றால் ஐம்பத்து ஒன்பதோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு? அம்மா எண்பத்தாறு வரை இருந்தாள். நல்ல சேலையைத் தினமும் கட்டுவதில்லை அல்லவா. இந்த மாத்திரையையும் கல்யாண மேக்கப் உள்ள நாளில் மட்டும் போடுவது என்று முடிவு செய்தேன். டாக்டர் கொடுத்த அட்டவணையை மூன்று வேளைக்கும் நிரப்பிவிடலாம். உண்மை இந்த டைரியில் இருக்கட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

மாத்திரை இல்லை. வாக்ஸ் டப்பா நாலு, பஞ்சு இரண்டு கட்டு சொல்லிவிட்டேன்.

வங்கி மேனேஜரம்மாவுக்கு பேசியல். கிரீம் தடவிக் கன்னத்தில் கையை வைத்தபடி இருந்தேன். கை அதுபாட்டுக்கு ஆட ஆரம்பித்துவிட்டது. எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அந்த அம்மா கண்ணை மூடியபடியே, "இது என்ன புதுசா? ரொம்ப நல்லா இருக்கே" என்றார்.

"வைப்ரேஷன் மசாஜ்" என்றேன்.

அடுத்த வாரமும் அதுவே வேண்டுமாம்.

ஜூன் 23, திங்கள்

மாத்திரை இல்லை. கை பரவாயில்லை. சட்னி அரைத்தேன். தாளிக்கும்போது கடுகு டப்பா கீழே விழுந்தது. மூடி லூஸ்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தான் திடீரென்று தட்டைத் தள்ளி வைத்தார். அத்தான் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கம்பத்தில் ஏறிப் பயப்படாதவர்.

"ஹெப்சி, ஒண்ணு சொல்லிடுதேன். மிக்சி சின்ன ஜாரு தானா ஒடையல. நாந்தான் சிக்கிக் கெடந்த கேசட் நாடாவ அதுல வச்சிச் சுத்திப் பாத்தேன்."

"இப்ப எதுக்கு இதச் சொல்லுதிய?"

"மூணு வாரமா மூஞ்ச இப்படி வச்சிட்டிருந்தா மனுசன் என்ன செய்வான்?"

நான் மூஞ்சியை எப்படியும் வைத்திருக்கவில்லை. சும்மாதான் இருந்தேன். பார்லருக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். யாருடைய போட்டோவோ போல இருந்தது. சிரித்துப் பார்த்தேன், வாய் வந்தது, மற்றது வரவில்லை. டியூப்லைட் பழசு. மாற்ற வேண்டும்.

ஜூலை 2, புதன்

பேனா சரியில்லை. எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறது.

ஜூலை 6, ஞாயிறு

புதுப் பேனாவும் சரியில்லை.

ஜூலை 10, வியாழன்

மேக்கப் நாள். மாத்திரை 5.15. கை நின்றது 6.00. சமாதானபுரத்தில் பெண் வீடு. கொண்டை, பூ, முக்காடு எல்லாம் பிரமாதம். பெண்ணின் தாய் என் கையைப் பிடித்து, "ஆன்ட்டி, ஒங்க கை தனி" என்றாள். பத்து மணிக்குப் பெட்டியை மூடும்போது கை தன் வேலையை ஆரம்பித்தது. பாக்கெட் இல்லாத சேலையில் கையை எங்கே ஒளிப்பது.

ஜூலை 20, ஞாயிறு

அத்தானின் இரண்டாவது பாவ அறிக்கை. காலையில் மைதானத்தில் நடப்பதாகச் சொல்லிவிட்டுப் போய், பெஞ்சில் உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டிருக்கிறார். பிப்ரவரியிலிருந்து.

முப்பது வருஷமாகக் கேட்டும் வராத உண்மை, நான் ஒன்றும் கேட்காமலிருக்க வருகிறது.

ஜூலை 28, திங்கள்

வாக்ஸ் கருகிப் பார்லர் முழுக்கப் புகை. இசக்கி மாடியிலிருந்து ஓடிவந்தாள். "எக்கா, பக்கத்துலதான இருக்கிய, மணக்கலயா?" என்றாள். ஜலதோஷம் என்றேன்.

இந்த இசக்கியின் போக்கே சரியில்லை. அடர்த்தியான புருவத்தோடு யார் வந்தாலும் முந்திக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார வைக்கிறாள். ஜூஸ் குடிங்க, ரெஸ்ட் எடுங்க என்று என்னை ஓரங்கட்டுகிறாள். தனிக்கடை போடுகிற எண்ணம் போலிருக்கிறது. மேலப்பாளையம் பக்கம் இடம் பார்க்கிறாளோ என்னவோ.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

2009இல் என் தம்பி கல்யாணத்தன்று அத்தானுக்கு வந்த வயிற்று வலி பொய்யாம். டிவியில் கிரிக்கெட்.

இதற்கு உண்மையிலேயே கோபப்பட்டேன். முகத்தில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்பதால் அவருக்குப் புரியவில்லை. வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

எழுதவே மனமில்லை. எழுதுகிறேன்.

பெனிட்டா என்ற பெண்ணுக்குக் கல்யாண மேக்கப். மாத்திரை 6.00. பெண் வீட்டில் வற்புறுத்தி உட்காரவைத்துப் புட்டும் பயறும் இரண்டு முட்டையும் வைத்தார்கள். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் அரைமணியாவது இடைவெளி வேண்டும், முட்டை, பயறு எல்லாம் மாத்திரையை உள்ளே விடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் போடுகிறவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு என்று நினைத்தேன்.

ஏழு மணிக்குக் கை நிற்கவில்லை. ஏழேகாலுக்கும் நிற்கவில்லை. பத்து மணிக்கு சர்ச். பெண் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறாள், நெற்றித் தோலைத் தன் விரலாலேயே இழுத்துப் பிடித்திருக்கிறாள். வலது புருவத்துக்குக் கீழே இரண்டு முடி மட்டும் அதிகமாக இருந்தது. அதை விட்டிருக்கலாம். இருபத்திரண்டு வருஷத்தில் நான் எதையும் விட்டதில்லை.

நூலை விரித்தேன். மடக்கும்போது விரல் பாதியில் நின்றுவிட்டது. நடுங்கவில்லை, நின்றுவிட்டது. போ என்று மனதுக்குள் சொல்கிறேன். வேறு யாரிடமோ சொல்கிறேன் என்பதுபோல விரல் சும்மா இருக்கிறது. பிறகு ஒரே இழுப்பாக இழுத்தது. பெனிட்டா "ஸ்" என்றாள். வலது புருவத்தின் கடைசிக் கால்பாகம் நூலோடு வந்துவிட்டது.

நான் நூலைப் பல்லில் கடித்தபடி நின்றேன். இசக்கி வந்தாள், பார்த்தாள். "எக்கா, அந்தப் பின்னு டப்பாவ அடுக்களையில வச்சிட்டேன், எடுத்தாங்களேன்" என்று என்னை வெளியே அனுப்பினாள். பின் டப்பா அவள் இடுப்பில்தான் இருந்தது.

அடுக்களையில் பால் கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அரைமணி கழித்து வந்தாள். இடது புருவத்தையும் அதே அளவுக்கு எடுத்து, இரண்டையும் பென்சிலால் உயர்த்தி வளைத்துவிட்டாளாம்.

"எப்படி இருக்கு?"

"அழகாத்தான் இருக்கு. என்ன, எதையோ கேட்டு ஆச்சரியப்பட்ட மாதிரி இருக்கு."

பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எக்கா, இது விட்டமின் இல்லன்னு எனக்குத் தெரியும். மூணு மாசமா கஷ்டமான புருவத்த எல்லாம் நாந்தான பாக்கேன். நீங்களா சொல்லுவியன்னு இருந்தேன்."

அவள் இடுப்பில் இருந்த பின் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தனிக்கடை பற்றி ஜூலையில் எழுதியதை அடித்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பார்லர் லீவு. காலையில் அத்தான் மாத்திரை அட்டைகளை எல்லாம் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கைக்குட்டைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். அவர் கைக்குட்டை பயன்படுத்துகிறவர் இல்லை.

"எண்ணிப் பாத்துட்டேன். ரெண்டரை மாசத்துல பதினாறுதான் போட்டிருக்க."

"நரம்புத் தளர்ச்சிக்கு அது போதும்."

"அட்டையக் கொண்டுபோயி மருந்துக் கடையில ஜூன்லயே கேட்டுட்டேன் ஹெப்சி."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீ கோவத்துல இருக்கன்னு நெனச்சேன். மூஞ்சி இப்படி இருக்கதும் நோயாலதான்னு நேத்துதான் இசக்கி சொன்னா. அவளுக்கு அவ பிள்ளை போன்ல படிச்சுக் காட்டிச்சாம்." அட்டைகளை அடுக்கிக்கொண்டே, "அப்ப அந்தப் பஜ்ஜிய நான் சொல்லியிருக்கவே வேண்டாம்" என்றார்.

பிறகு அவர் அழுதார். முப்பது வருஷத்தில் இரண்டாவது தடவை. நான் அவருக்கு ஒரு கைக்குட்டை எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

டாக்டர் கோமதி. அத்தானும் கூட வந்தார்.

நான் நிரப்பிய அட்டவணையை டாக்டர் முழுதாகப் பார்த்தார். "எல்லா நாளும் ஏழு மணிக்குப் போட்டு, ஏழு நாப்பதுக்குக் கை நின்னு, பன்னெண்டு பத்துக்கு ஆரம்பிச்சிருக்கு. ஒரு நிமிஷம் முன்னப்பின்ன இல்ல. வந்தே பாரத் கூட இப்படி ஓடாதேம்மா."

டைரியைக் கொடுத்தேன். படித்தார். வைப்ரேஷன் மசாஜ் வந்த இடத்தில் தோள் குலுங்கியது. ஆகஸ்ட் 21 வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அஞ்சு வருஷம்னு மாத்திரையில எக்ஸ்பயரி எழுதியிருக்கா?"

"லில்லி டீச்சர் கொழுந்தனார் ஆடுனாராம்."

"ஆடியிருப்பாரு. நோய்க்கு வயசு ஏற ஏற, மாத்திரை அளவும் கூடக் கூட, அப்படி ஒரு ஆட்டம் சிலருக்கு வரும். அதுக்கும் வழி இருக்கு, அளவ மாத்திப் பாப்போம். ஆனா மாத்திரை நோயக் கெளப்பி விடல. அது பத்தி ஆராய்ச்சி நடந்திருக்கு. ஒரு கூட்டத்துக்கு மொதல்லயே குடுத்தாங்க. இன்னொரு கூட்டத்துக்குப் பல மாசம் கழிச்சுக் குடுத்தாங்க. கடைசியில பாத்தா ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் நிக்காங்க. மாத்திரை நோயப் பிடிச்சுத் தள்ளவும் இல்ல, இழுத்து நிறுத்தவும் இல்ல. நோய் அதோட வேகத்துலயே போவுது."

"அப்ப நான் போடாம இருந்ததால நோய் மெதுவாப் போயிருக்காதா?"

"இல்லம்மா."

"போட்டிருந்தாலும் நின்னிருக்காது?"

"நின்னிருக்காது."

"அப்ப இந்த மூணு மாசத்துல நான் என்னதான் மிச்சம் பிடிச்சேன்?"

டாக்டர் அட்டவணையை மடித்து வைத்தார். அத்தான் சுவரில் இருந்த மூளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருந்திருக்க வேண்டிய மூணு மாசம் போச்சு. அவ்வளவுதான்."

ஆட்டோவில் வரும்போது எனக்கு லில்லி டீச்சர் மேல் கோபம் வந்தது. முருகன்குறிச்சி வருவதற்குள் அது என் மேல் திரும்பிவிட்டது. கேட்டது நான்தான். எனக்குப் பிடித்த பதிலைச் சொன்னது அவர்.

செப்டம்பர் 3, புதன்

7.00, 7.45, 11.50. இது நிஜம்.

பெனிட்டாவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நோய், மாத்திரை, முட்டை எல்லாம். "ஆன்ட்டி," என்றாள், "மாமியார் எதச் சொன்னாலும் நான் ஆச்சரியமாக் கேக்கிறேன்னு அவியளுக்கு ஒரே சந்தோஷம். முடி வளந்தா என்ன செய்யன்னுதான் கவலையா இருக்கு."

நான்தான் அழுதேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 15, திங்கள்

பார்லர் கதவில் தாள் ஒட்டினோம். 'காலை எட்டு முதல் பதினொன்றரை வரை த்ரெட்டிங்: ஹெப்சி. அதற்குப் பிறகு: இசக்கி.' காரணம் கேட்டவர்களுக்குக் காரணம் சொன்னேன். இரண்டு பேர் வேறு பார்லருக்குப் போய்விட்டார்கள். அதில் ஒருத்திக்கு இரண்டு புருவமும் நடுவில் சேர்ந்து ஒன்றாக இருக்கும். அதை என்னையும் இசக்கியையும் விட்டால் பிரிக்க ஆள் கிடையாது.

வங்கி மேனேஜரம்மா மட்டும் வருத்தப்பட்டார். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் வைப்ரேஷன் வராதே. அவருக்குப் பன்னிரண்டு மணிக்கு மேல் நேரம் கொடுத்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. டியூப்லைட்டை மாற்றவில்லை. அத்தான் பாவ அறிக்கையை நிறுத்திவிட்டார். 2009க்கு முன்னால் இருப்பவை உள்ளேயே தங்கிவிட்டன.

கனவுகள்தான் விசித்திரமாக வருகின்றன. நேற்று போதகர் ஐயாவுக்கு முழுக்கை வாக்ஸ் செய்தேன்.

டிசம்பர் 3, புதன்

டாக்டர் கோமதி ஒரு பரீட்சை வைத்தார். முந்தின நாள் மாலையிலிருந்து மாத்திரை போடாமல் வரவேண்டும். மாத்திரை மூடி வைத்திருப்பதைத் திறந்து பார்த்தால்தான் நோய் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியுமாம்.

காலையில் ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை. நாலு கொக்கி. ஜூனில் ஒரு கையால் மாட்டினேன். அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மீட்டர் பெட்டியைத் திறப்பவர் மாதிரி மாட்டிவிட்டார். இடது காலும் இப்போது தரையை விட்டுக் கிளம்ப யோசிக்கிறது. ஆஸ்பத்திரி வாசற்படியில் நின்றுவிட்டேன். "இடது, வலது, இடது" என்று அத்தான் என்.சி.சி. மாஸ்டர் போல எண்ணினார். அதற்குத்தான் கால் வந்தது.

டாக்டர் விரல் தட்டச் சொன்னார். ஜூன் மாதத்தில் இருந்ததோடு ஒப்பிட்டுச் சொல்லத் தயங்கினார். நானே சொன்னேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன், மூடி லூஸ், பேனா சரியில்லை என்றெல்லாம் இல்லை. மோசமாகியிருக்கிறது. மூன்று வேளையும் ஒழுங்காகப் போட்டும் மோசமாகியிருக்கிறது. இவ்வளவையும் மாத்திரை மூடி வைத்திருந்தது என்று தெரியாமல் நான் எட்டு மணிக்குக் கடையைத் திறந்துகொண்டிருந்திருக்கிறேன்.

10.40. டாக்டர் முன்னாலேயே மாத்திரை போட்டேன். வெளியே பெஞ்சில் காத்திருக்கச் சொன்னார். கை நின்றதும் மறுபடி பார்ப்பாராம்.

நானும் அத்தானும் என் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். திருச்செந்தூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல இருந்தது. பத்தே ஐம்பது. ஒன்றுமில்லை. பதினொன்று. அத்தான் குனிந்து என் கையிடமே, "லேட்டாவுதே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்துக்கு இன்னும் வரவில்லை, உள்ளேதான் வந்தது. ஆனால் அவர் கண்டுபிடித்துவிட்டார். "நீ சிரிக்கிற" என்றார்.

பக்கத்தில் ஒரு பெரியவர், கைத்தடி, கூட மகள். "மொத மாத்திரையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எனக்கு இன்னைக்கு எழுதிக் குடுத்திருக்காவ. இப்பவே ஆரம்பிக்கணுமா, தள்ளிப் போடலாமான்னு ஒரே யோசனை" என்றார். நான் அவரிடம் பேச ஆரம்பித்தேன். பெனிட்டாவின் புருவத்தையும் விடாமல் முழுக்கதையையும் சொன்னேன். அவர் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரியவர் சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்துத் தடவிப் பார்த்து, மகளிடம் கொடுத்தார். "போற வழியில வாங்கிரு" என்றார்.

அத்தான் என் முழங்கையைத் தொட்டார். மணி 11.20. கை மடியில் கிடந்தது. ஆடவில்லை.

அப்போதுதான் எதிரே மேஜையில் உட்கார்ந்திருந்த நர்ஸின் புருவத்தைப் பார்த்தேன். இரண்டு மாதமாக யாரும் தொடவில்லை. கைப்பையில் நூல் இருந்தது. "பத்து நிமிஷம் இரும்மா" என்றேன். அந்தப் பெண் மேஜையில் இருந்த என் நோய்ச் சீட்டையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. பிறகு பெரியவரின் மகளிடம் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டுச் சாய்ந்தது. நூல் சரசரவென்று போயிற்று. பெஞ்சில் இருந்த ஏழெட்டுப் பேரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். வலது முடித்து, இடது முடித்து, பவுடரைத் தட்டிவிட்டேன்.

சத்தம் கேட்டு டாக்டர் கோமதி கதவைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், என் விரல்களை வெகுநேரம் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நூலைப் பையில் வைத்தேன்.

"இன்னும் எவ்வளவு நேரம் நிக்கும்?"

"மூணு மணி வரைக்கும் நிக்கும் டாக்டர்."

கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸ் எழுந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி அத்தான் கையில் கொடுத்துவிட்டு, கண்ணை மூடி முகத்தை நீட்டினார். தான் எழுதிக் கொடுக்கும் மாத்திரையை அவரும் நம்புகிறார் என்று அப்போதுதான் எனக்கு உறுதியானது.